உயிர் தப்பினார், அப்புறம்?

எங்கேனும் ஒரு வெடிகுண்டு வெடித்தால் மறுநாள் பத்திரிகைகளில் மூன்று விதமான கணக்கு வருகிறது. மாண்டவர் இத்தனை பேர். காயமுற்றவர் இத்தனை பேர். தெய்வாதீனமாக உயிர் தப்பியவர் இன்னார் இன்னார். முதல் இரண்டு கணக்கையும் பல நாள் வரையில் திருத்திக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவது கணக்கை மட்டும் யாரும் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை. "உயிர் தப்பினார்" என்ற இரண்டு வார்த்தைகளோடு அந்த மனிதரின் கதை முடிந்துவிட்டதென்று பத்திரிகையும் நினைக்கிறது. அதை வாசிக்கிற நாமும் நினைக்கிறோம்.

வீடுகளிலும் வழக்கம் இதுவே. ஆபத்திலிருந்து மீண்டு வந்தவரை வாசலிலே நிறுத்தி ஆரத்தி எடுக்கிறோம். திருஷ்டி கழிக்கிறோம். குலதெய்வத்துக்கு முடிந்து வைத்த காணிக்கையைக் கொண்டுபோய்ச் செலுத்துகிறோம். "பெரிய கண்டம், எப்படியோ தப்பியது" என்று உறவினரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே; குறை சொல்வதற்கில்லை. ஆனால் கண்டம் உண்மையிலேயே கழிந்ததா இல்லையா என்பது, அதற்குள் அகப்பட்டுத் திரும்பியவருக்கு அல்லவா தெரியும்? அவரை ஒருவரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது, சொல்லாமல் இருக்கும் அந்த மனிதர்களைப் பற்றித்தான்.

* * *

நாம் வசிக்கும் கீழ்க்கட்டளையிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் அதிக தூரமில்லை. ஏரிக்கரைப் பக்கம் நின்று பார்த்தால் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். பல்லாவரம், பம்மல், நங்கநல்லூர் என்று சுற்றுவட்டாரத்து ஊர்களிலெல்லாம் விமான நிலையத்தில் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் எத்தனையோ. சுங்கப் பரிசோதனை, காவல், சாமான் ஏற்றி இறக்குதல், துப்புரவு, சிற்றுண்டிச் சாலை என்று பல வேலைகள் இரவு பகலாக நடக்கும் இடம் அது. பிரயாணிகளுக்கு அது வாசல். இவர்களுக்கோ தினந்தோறும் போய்த் தீரவேண்டிய வேலை ஸ்தலம்.

1984-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி, வியாழக்கிழமை இரவு, அந்த இடத்தில் குண்டு வெடித்தது. கொழும்புக்குப் போகும் விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொண்டுவரப்பட்ட பெட்டிகளில் அது ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. இலங்கை மண்ணில் வெடிக்க வேண்டும் என்று திட்டமிட்டவர்களின் குண்டு, பெட்டிகள் விமானத்தில் ஏறாமல் தங்கிப் போனதால், சென்னை மண்ணிலேயே வெடித்தது. 33 பேர் மாண்டார்கள். 27 பேர் காயமடைந்தார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்புவதற்காகக் காத்திருந்த இலங்கைப் பிரயாணிகள். தமிழ் ஈழ ராணுவம் என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு சிறு கூட்டத்தின் மீது குற்றம் சாட்டப்பட்டது. யாருக்காகப் போராடுகிறோம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டாலும், செத்தவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள்.

இந்தச் சம்பவத்தின் சரித்திரம் இவ்வளவுதான் என்று புஸ்தகங்கள் முடித்துவிடும். ஆனால் மறுநாள் காலையில் வேலை முறைப்படி அங்கே போய் நின்ற சிப்பந்திகளின் சரித்திரம் அன்றுதான் ஆரம்பமாயிற்று.

* * *

நம் தெருவிலே நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். பெயர் வேண்டாம். அந்த இரவு விமான நிலையத்தில் சாமான் தூக்கும் பிரிவில் வேலையாக இருந்தவர். ஒரு சுவர் குறுக்கே இருந்தபடியால் தேகத்தில் கீறல்கூட இல்லாமல் பிழைத்தார். விடியும் வரையில் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருந்துவிட்டு வீடு திரும்பிக் குளித்தார். இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனார். ஓய்வு பெறுகிற வரையில், இருபது வருஷத்துக்கும் மேலாக, அங்கேயே இருந்தார். ஒரு நாளாவது அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. "எங்கள் வீட்டுக்காரருக்கு மனத்திடம் அதிகம், வேறு யாராவது என்றால் இடிந்து போயிருப்பார்கள்" என்று அவருடைய சம்சாரம் பெருமையாகச் சொல்வதை நாமே கேட்டிருக்கிறோம்.

சில விநோதங்கள் மட்டும் அவரிடம் உண்டு. தீபாவளிக்கு முதல் நாள் எங்கேயாவது வெளியூருக்கு ரெயில் ஏறிவிடுவார். இரவெல்லாம் ரெயிலிலேயே கழிந்துவிடும். வீட்டில் இதை க்ஷேத்திர யாத்திரை என்று நினைத்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் ஆளில்லாமல் ஒரு பெட்டி இருந்தால், அது யாருடையது என்று தெரிகிற வரையில் இலையில் உட்காரமாட்டார். பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பெண் கல்யாணமாகி வெளிதேசம் புறப்பட்டபோது, ஊரே வழியனுப்பப் போயிற்று. இவர் மட்டும் வீட்டு வாசலோடு நின்றுவிட்டார். அத்தனை வருஷம் அந்த இடத்தில் வேலை பார்த்தவர், தம் பெண்ணை ஏற்றிவிட அங்கே வரமாட்டேன் என்கிறாரே என்று அந்தப் பெண்ணுக்கு மனத்தாங்கல். "அப்பாவுக்குக் கல் நெஞ்சு" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பது வருஷம் கழிந்த பிற்பாடு ஒரு நாள், திண்ணையிலே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, நாம் கேட்காமலே அவர் சொன்னார். குண்டு வெடிப்பதற்குச் சற்று முன்னால் வயதான ஓர் இலங்கை அம்மாள் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார்களாம். இவர்தான், அந்தச் சுவரோரத்தில் மின்விசிறிக்குக் கீழே போய் உட்காரச் சொன்னாராம். "காற்று வரும் என்று சொன்னது நான்தானே, சார்?" என்று கேட்டார். அவ்வளவுதான். ரத்தமும் சத்தமும் அவருக்கு மறந்தே போயிருந்தன. அந்த ஒரு வார்த்தைதான் முப்பது வருஷமாக உள்ளே இருந்துகொண்டு அவரை அரித்திருக்கிறது.

மனத்திடம் என்று வீடு கொண்டாடியது எதை என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. அது திடமல்ல, காயம்.

* * *

ஊருக்கும் தனி மனிதருக்கும் இந்த விஷயத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மானியக் கப்பலாகிய எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பட்டணத்தை விட்டு ஓடினார்கள். அது யுத்தகால சம்பவம், பயங்கரவாதத்தோடு சேர்ந்ததல்ல. ஆயினும் அந்தப் பயம் பிற்பாடு என்னவாயிற்று என்று பாருங்கள். சாமர்த்தியசாலியான ஆளைக் கண்டால் "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஊர் தன் பயத்தைப் பலரோடு பங்குபோட்டுக்கொள்கிறது. பேசிப் பேசியே அதைக் கரைத்துவிடுகிறது. தனி மனிதர் அதைத் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே அது கரைவதேயில்லை.

முதல் மகாயுத்தத்தின்போது வைத்திய சாஸ்திரம் இதைக் கவனித்தது. பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே இருந்து உடம்பில் காயமின்றித் திரும்பிய சிப்பாய்கள் பேச்சிழந்தும் நடுங்கியும் கிடந்ததைக் கண்டு, 1915-ஆம் வருஷத்தில் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் அதைக் குண்டு அதிர்ச்சி என்ற பெயரில் எழுதினார். அப்போது பலர் அதைக் கோழைத்தனம் என்றார்கள். 1980-இல்தான் அமெரிக்க மனோவைத்திய சங்கம் அதை ஒரு தனி வியாதியாகத் தன் நூலில் சேர்த்தது. சிப்பாய்க்கு மட்டுமல்ல, பேரதிர்ச்சிக்கு ஆளான எவருக்கும் அது வரக்கூடும் என்பது அன்று முதல் ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம்.

வேலை ஸ்தலத்தில் தாக்கப்பட்டவர்களை நன்றாக ஆராய்ந்து பார்க்கும் சந்தர்ப்பம் 1995-ஆம் வருஷம் ஏப்ரல் 19-ஆம் தேதி அமெரிக்காவில் ஏற்பட்டது. ஓக்லஹோமா நகரத்தில் சர்க்கார் காரியாலயக் கட்டடம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. குமாஸ்தாக்களும், அங்கேயே இருந்த சிசுக் காப்பகத்துக் குழந்தைகளும் உள்பட 168 பேர் மாண்டார்கள். சுமார் ஆறு மாதம் கழித்துக் கரோல் நார்த் என்ற மனோவைத்தியரும் அவருடைய சகாக்களும், பிழைத்தவர்களில் 182 பேரை விசாரித்தார்கள். நூற்றுக்கு 45 பேருக்கு ஏதேனும் ஒரு மனோவியாதி இருந்தது. நூற்றுக்கு 34 பேருக்கு மேலே சொன்ன அதிர்ச்சி வியாதியே இருந்தது. வியாதி கண்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அறிகுறிகள் சம்பவ தினத்தன்றே தோன்றியிருந்தன.

அந்த ஆராய்ச்சியில் நம் நேயர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி வேறொன்று. கெட்ட சொப்பனம், தூக்கமின்மை, சிறு சத்தத்துக்கும் துள்ளி விழுதல் ஆகியவை பிழைத்தவர்களில் மிகப் பலருக்கு இருந்தன. அவை மட்டும் இருந்தவர்கள் எல்லோரும் வியாதிக்காரர்கள் அல்லர். ஆனால் அந்த நினைவு வரும் இடத்தையும் பேச்சையும் அடியோடு ஒதுக்கி, அன்பும் துக்கமும் மரத்துப்போய் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் நூற்றுக்கு 94 பேர் பூரண வியாதிக்காரராக இருந்தார்கள். நம் வீடுகளில் நடப்பதோ இதற்கு நேர் தலைகீழ். அழுது புலம்புகிறவரைக் கண்டால் கவலைப்பட்டு வைத்தியரிடம் அழைத்துப் போகிறோம். மௌனமாக இருப்பவரைக் கண்டால் மெச்சிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறோம்.

நாம் பள்ளிக்கூடத்தில் தினமும் பேர் கூப்பிடுகிறோம். "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுக்கும் பிள்ளைகளில் ஒருவன் உண்மையில் அங்கே இல்லை என்பது அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் பதிவேட்டில் அவன் ஆஜர். தப்பி வந்தவர்கள் பலர் வீட்டிலும் காரியாலயத்திலும் இப்படித்தான் வருஷக்கணக்காக ஆஜர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

* * *

போர்க்களத்தில் அதிர்ச்சி அடைந்த சிப்பாய் யுத்தம் முடிந்ததும் வேறு ஊருக்குத் திரும்புகிறான். வேலை ஸ்தலத்தில் அதிர்ச்சி அடைந்தவரோ மறுநாள் அதே வாசலுக்குள் நுழைந்து, அதே மேஜையில் உட்கார வேண்டியவராக இருக்கிறார். அடுப்பு எரிய வேண்டுமானால் போய்த்தான் ஆகவேண்டும். இடத்தை ஒதுக்க முடியாதபோது, மனம் தன் உணர்ச்சியை ஒதுக்கிவிடுகிறது. இந்த வேதனையின் தனித் தன்மை இதுதான்.

இலங்கையின் கொழும்பு நகரத்தில் இதைப் பெரிய அளவில் கண்டார்கள். 1996-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லாரியை மத்திய வங்கியின் வாசலில் கொண்டுவந்து மோதினார்கள். 91 பேர் இறந்தார்கள். சுமார் 1,400 பேர் காயமடைந்தார்கள். கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்து ஏறக்குறைய 100 பேர் பார்வை இழந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். வங்கியிலும் சுற்றியிருந்த காரியாலயங்களிலும் காலையில் பேனாவும் கணக்குப் புஸ்தகமுமாக உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பேதமில்லாமல் எல்லோரும் வேலை செய்யும் தெருக்கள் அவை. கண் போனதை உலகம் பார்க்கிறது. கைத்தடி கொடுத்து உதவுகிறது. கண் போகாமல் தப்பியவர், கண்ணாடி ஜன்னல் அருகே உட்கார நேர்ந்தபோதெல்லாம் என்ன பட்டார் என்பதை யார் அறிவார்?

அப்படியானால் இதற்கு விமோசனமே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. பம்பாயில் 2008-ஆம் வருஷம் நவம்பர் 26-ஆம் தேதி இரவு பயங்கரவாதிகள் இருவர் காமா பிரசவ ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். அஞ்சலி குல்தே என்ற நர்ஸ் தம் பொறுப்பில் இருந்த 20 கர்ப்பிணிகளைச் சிறியதோர் உக்கிராண அறைக்குள் கொண்டுபோய் விளக்கை அணைத்துக் காப்பாற்றினார். அந்தக் கலவரத்திலேயே பிரசவ வேதனை கண்ட ஒரு பெண்ணைச் சுவரோடு சுவராக அழைத்துப்போய்ப் பிரசவ அறையில் சேர்த்தார். பிற்பாடு கைதியை அடையாளம் காட்டி, கோர்ட்டில் சாட்சி சொன்னபோது, நர்ஸ் உடையிலேயே வந்து சொல்வேன் என்று கேட்டுக்கொண்டு அப்படியே சொன்னார். 2022 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையும் அவர் வார்த்தையைக் கேட்டது.

எல்லோருக்கும் இந்தத் தைரியம் வரவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது நியாயமும் அல்ல. ஆனால் அவருக்குக் கிடைத்த மூன்று சௌகரியங்களைக் கவனிக்க வேண்டும். தாம் கண்டதைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. சொன்னதை மதித்துக் கேட்க ஆட்கள் கிடைத்தார்கள். எந்த உடையில் பயந்தாரோ அந்த உடையிலேயே மரியாதையும் கிடைத்தது. நம் தெருப் பெரியவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட முப்பது வருஷம் கிடைக்கவில்லை.

* * *

சர்க்கார் செய்வது என்ன? பயங்கரவாதத்துக்கு இரையான பொதுஜனங்களுக்கு உதவ மத்திய சர்க்கார் 2008 ஏப்ரல் முதல் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. உயிர் இழந்தவர் குடும்பத்துக்கும், நிரந்தரமாகச் சக்தி இழந்தவருக்கும் முதலில் 3 லட்சம் ரூபாய் என்று இருந்தது பிறகு 5 லட்சமாக்கப்பட்டது. சக்தி இழப்பு என்றால் நூற்றுக்கு 50 பங்காவது நிரந்தர ஊனம் இருக்க வேண்டும். அல்லது ஆயுள் முழுவதும் சாதாரண வாழ்க்கைக்கு லாயக்கில்லை என்று வைத்திய அத்தாட்சி வேண்டும். உதவி வேண்டியதுதான். ஆனால் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டே உள்ளுக்குள் உடைந்திருப்பவரை இந்த அளவுகோல் தொடாது. அவரைத் தொடக்கூடியவர்கள் வீட்டாரும் உடன் வேலை செய்கிறவர்களுமே.

ஆகவே சில யோசனைகள். முதலாவதாக, வந்ததும் வராததுமாக "என்ன நடந்தது, முழுவதும் சொல்லு" என்று துளைக்க வேண்டாம். எல்லாவற்றையும் உடனே சொல்ல வைப்பதால் நன்மை இல்லை என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அதே சமயம் "அதையெல்லாம் மறந்துவிடு" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள், அவராகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இரண்டாவதாக, தூக்கம் வரவில்லை என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அதிர்ச்சியின் அறிகுறிகளுக்கென்று முதல் மாதத்தில் மயக்க மாத்திரைகள் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2013-இல் வைத்தியர்களுக்கே யோசனை சொல்லியிருக்கிறது. மதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அது வீட்டுக்குள் இரண்டாவது குண்டு.

மூன்றாவதாக, மாதம் ஒன்று கழிந்தும் அவர் சில இடங்களையும் சில பேச்சுக்களையும் ஒதுக்கிக்கொண்டே இருந்தால், குழந்தைகளிடத்தில்கூட ஒட்டாமல் இருந்தால், அதைத் திடம் என்று மெச்சாமல் வைத்தியரிடம் போக வேண்டும். அந்த நினைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, துணையோடு எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சைகள் இப்போது இருக்கின்றன. நல்ல பலனும் கொடுக்கின்றன. காலம் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டியதில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1794-ஆம் வருஷம் முதலே இருந்து வருகிறது. வெளியே தெரியுமே என்று கூச்சப்படுகிறவர்களுக்கு 14416 என்ற டெலிபோன் எண் 2022 முதல் இருக்கிறது. செலவில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

நான்காவதாக, காரியாலயத்துத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பவம் நடந்த வாரத்தில் மாலை போட்டுக் கௌரவிப்பதோடு நின்றுவிடாமல், ஆறு மாதம் கழித்தும், ஒரு வருஷம் கழித்தும் அவர்களைத் தனித்தனியே கூப்பிட்டு விசாரியுங்கள். வேறு இடம் கேட்கிறவருக்கு வேறு இடம் கொடுங்கள். அபாய மணியைப் பரீட்சித்துப் பார்ப்பதானால் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

பயங்கரவாதி குறி வைப்பது செத்துப் போகிறவரை மட்டுமல்ல. உயிரோடு இருப்பவருடைய மனத்தையுந்தான். ஒரு வீட்டில் பெட்டியைக் கண்டு ஒருவர் நடுங்குகிற வரையில், தீபாவளி இரவில் ஒருவர் ரெயிலில் ஒளிந்துகொள்கிற வரையில், அந்தக் குண்டு இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதை அணைக்கும் வேலை பட்டாளத்தாலோ போலீஸாலோ ஆகாது. தேசத் தொண்டு செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் வெகு தூரம் போகவேண்டியதில்லை. நம் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ, பக்கத்து மேஜையிலோ அப்படி ஒருவர் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கக்கூடும். அவருக்காக ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அவர் சொல்கிறபோது கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.